இரு விமான நிலையங்களுக்கிடையே தூரமும் பயண நேரமும்: நாமே கணக்கிடும் முறை

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம், போய்ச் சேர எத்தனை மணி நேரம் ஆகும் என்று தேடினால் ஒரு நொடியில் விடை வந்துவிடுகிறது. ஆனால் வருகிற விடைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஓரிடத்தில் 2,920 கிலோமீட்டர் என்றும், மற்றோரிடத்தில் 1,800-க்குச் சற்று மேற்பட்ட மைல் என்றும், வேறோரிடத்தில் 1,577 என்றும் இருக்கிறது. நேரத்தைப் பார்த்தால் மூன்றரை மணி என்று ஒரு தளம் சொல்கிறது. பயணச்சீட்டில் நாலேகால் மணி என்று இருக்கிறது. புறப்படும் மணியையும் இறங்கும் மணியையும் கழித்துப் பார்த்தால் ஏறக்குறைய ஏழு மணி வருகிறது. இவற்றில் எதுவும் தவறு அன்று. ஒவ்வொன்றும் வெவ்வேறு கேள்விக்கான விடை. நமக்கு வேண்டிய கேள்வி எது என்று தெரிந்துகொண்டால், எந்தத் தளத்தின் உதவியும் இல்லாமல் ஒரு தாளும் கைக்கணிப்பானும் கொண்டு நாமே நம்பத்தகுந்த விடையைப் பெற்றுவிடலாம்.

தூரத்தின் அலகை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். விமானத் துறையில் தூரத்தைக் கடல் மைலில்தான் சொல்வார்கள். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர்; நாம் சாலையில் சொல்லும் மைலோ 1,609 மீட்டர். மேலே சொன்ன 1,577 என்பது கடல் மைல். எண்ணுக்குப் பக்கத்தில் அலகு இல்லாத தளத்தை நான் நம்புவதில்லை.

ஊரை அல்ல, நிலையத்தைக் குறியுங்கள்

கணக்கு தொடங்குவது ஊர்ப்பெயரில் அன்று, நிலையத்தின் பெயரில். லண்டன் என்றால் ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெடா? டோக்கியோ என்றால் நரிட்டாவா, ஹனேடாவா? கொழும்பு என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் கட்டுநாயக்கா ஊருக்கு வடக்கே இருக்கிறது, இரத்மலானை தெற்கே இருக்கிறது. வானத்தில் இந்த வேறுபாடு ஓரிரு நிமிடங்கள்தான். ஆனால் தரையிறங்கிய பின் ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குப் போவது அரை நாளைத் தின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு நிலையத்துக்கும் உள்ள மூன்றெழுத்துக் குறியீட்டைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். சென்னைக்கு எம்ஏஏ என்பது குறியீடு. ஊரின் பெயர் 1996-இல் மாறினாலும், மெட்ராஸ் என்ற பழைய பெயரின் எழுத்துகள் பயணப்பெட்டியில் ஒட்டும் சீட்டில் இன்றும் இருக்கின்றன. சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன், திருச்சிக்கு டிஆர்இசட்.

குறியீட்டோடு கூடவே அந்த நிலையத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் குறித்துக்கொள்ள வேண்டும். அலைபேசியில் உள்ள வரைபடத்தில் ஓடுபாதையின் நடுவில் விரலை அழுத்திப் பிடித்தாலே இரண்டு எண்களும் தோன்றும். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்கள் போதும். சென்னைக்கு வடக்கு 12.99, கிழக்கு 80.17, சாங்கிக்கு வடக்கு 1.36, கிழக்கு 103.99.

தூரத்தைக் கையால் கணக்கிடுதல்

மிக எளிய நிலையிலிருந்து தொடங்குவோம். 2019 அக்டோபரில் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பலாலி, சென்னைக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. இரண்டின் தீர்க்கரேகையும் 80 பாகையைச் சற்றே தாண்டியவை. அட்சரேகையில் மட்டும் பார்த்தால் சென்னை 12.99, பலாலி 9.79, வித்தியாசம் 3.20 பாகை. பூமியின் மேல் ஒரு பாகை அட்சரேகை என்பது ஏறத்தாழ 111.2 கிலோமீட்டர், கடல் மைல் கணக்கில் 60. ஆகவே 3.20 × 111.2 = 356 கிலோமீட்டர். அவ்வளவுதான். கோணமும் தூரமும் இப்படி ஒன்றுக்கொன்று பொருந்தும்படியே கடல் மைல் அமைந்தது. மாலுமிகளிடமிருந்து விமானிகள் அதைப் பெற்றுக்கொண்டார்கள்.

சிங்கப்பூர் நேர் தெற்கில் இல்லை, தென்கிழக்கில் இருக்கிறது. எனவே கிழக்கு-மேற்கு விலக்கத்தையும் சேர்க்க வேண்டும். தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போவதால், கிழக்கு-மேற்காக ஒரு பாகை எல்லா இடத்திலும் 111 கிலோமீட்டர் ஆகாது. அதை அட்சரேகையின் கொசைன் மதிப்பால் பெருக்கிக் குறைத்துக்கொள்ள வேண்டும். சென்னைக்கும் சாங்கிக்கும் சராசரி அட்சரேகை 7.2 பாகை, அதன் கொசைன் 0.992. தீர்க்கரேகை வித்தியாசம் 23.82 பாகை. ஆக, கிழக்கு விலக்கம் 23.82 × 0.992 × 111.2 = 2,628 கிலோமீட்டர்; தெற்கு விலக்கம் 11.63 × 111.2 = 1,293 கிலோமீட்டர். இவை செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள் என்று கொண்டு, பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றப்படி கர்ணத்தைக் கண்டால் 2,929 கிலோமீட்டர் கிடைக்கிறது.

பூமி உருண்டையானது என்பதைக் கணக்கில் கொள்ளும் சரியான சூத்திரமும் அவ்வளவு கடினம் அன்று. இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளை ஒன்றோடொன்று பெருக்குங்கள்: 0.2248 × 0.0237 = 0.0053. பிறகு இரண்டின் கொசைன் மதிப்புகளையும், தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.9997 × 0.9148 = 0.8911. இரண்டையும் கூட்டினால் 0.8964. எந்தக் கோணத்தின் கொசைன் இது என்று கணிப்பானில் பார்த்தால் 26.3 பாகை. அதை 111.2-ஆல் பெருக்கினால் 2,925 கிலோமீட்டர். எளிய முறைக்கும் இதற்கும் நான்கு கிலோமீட்டர்தான் வித்தியாசம். பூமி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றே தட்டையாக இருப்பதால், இந்தக் கணக்கிலும் அரை விழுக்காடு வரை பிழை இருக்கலாம். தளத்துக்குத் தளம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் மாறுவதற்கு இது ஒரு காரணம். பயணிக்கு அது பொருட்டே அன்று.

அப்படியென்றால் எளிய முறையே போதுமா என்றால், போதாது. சென்னை–ஹீத்ரோவுக்கு அதே பிதாகரஸ் முறையைப் போட்டுப் பாருங்கள். ஹீத்ரோ வடக்கு 51.47, மேற்கு 0.45 என்பதால் விடை 8,700 கிலோமீட்டர் என்று வரும். உருண்டைச் சூத்திரமோ 8,230 சொல்கிறது. ஏறத்தாழ 470 கிலோமீட்டர் பிழை என்பது அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட பறப்பு. நிலநடுக்கோட்டுக்கு அருகே, குறைந்த தூரத்துக்கு எளிய முறை. வடக்கே தள்ளிப் போகப் போக உருண்டைச் சூத்திரம் மட்டுமே.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்ணால் காண ஒரு வழி உண்டு. பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைக் கட்டாயம் செய்து காட்ட வேண்டும் என்பேன். மேசை மேல் வைக்கும் பூமி உருண்டை ஒன்றை எடுத்து, சென்னையில் ஒரு நூலின் முனையை விரலால் அழுத்தி, மறுமுனையை லண்டனில் வைத்து, நூல் வழுக்கிச் சுருங்கும் அளவுக்கு இழுத்துப் பிடியுங்கள். இறுகிய நூல் கட்ச் பகுதியைக் கடந்து, பலுசிஸ்தான் வழியாக ஈரானுக்குள் புகுந்து, பாகு நகருக்குச் சற்றுத் தெற்கே காஸ்பியன் கடலைத் தாண்டி, உக்ரைன் வழியாக ஐரோப்பாவுக்குள் இறங்கும். இப்போது சுவரில் தொங்கும் மெர்காட்டர் வகை உலகப் படத்தில் அளவுகோலை வைத்து அதே இரு ஊர்களை இணையுங்கள். காஸ்பியன் கடல் இருக்கும் அதே தீர்க்கரேகையில் இந்தக் கோடு குவைத்துக்குப் பக்கத்தில், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே போகும். நூல் காட்டுவதுதான் குறுகிய வழி. அதற்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். தளங்கள் தரும் தூரம் எல்லாம் இந்த நூலின் நீளமே.

நூல் போகும் வழியில் விமானம் போவதில்லை

சென்னை–சிங்கப்பூர் நூல் வங்காள விரிகுடாவைக் குறுக்காகக் கடந்து, நிக்கோபாரின் தென்கோடியில் உள்ள இந்திரா முனையை ஒட்டிச் சென்று மலாக்கா நீரிணைப் பக்கம் இறங்குகிறது. பெரும்பகுதி கடல் என்பதால் விமானமும் ஏறக்குறைய அவ்வழியே போகிறது. ஆயினும் வான்வழிகள் குறிக்கப்பட்ட புள்ளிகள் வழியாக அமைந்தவை. இறங்கும்போது வரிசை உண்டு. கடல் மேல் இடிமேகம் திரண்டிருந்தால் விலகிச் செல்ல வேண்டியும் வரும். இதற்காக நூலின் நீளத்தோடு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு கூட்டிக்கொள்வது என் வழக்கம்.

லண்டன் நூலுக்கு இது போதாது. அது தொடும் உக்ரைனின் வான்வெளி 2022 பிப்ரவரி 24 முதல் பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. பாகிஸ்தான் வான்வெளி 2019-இல் பிப்ரவரி இறுதி முதல் ஜூலை நடு வரை இந்தியப் போக்குவரத்துக்குப் பெரும்பாலும் மூடிக் கிடந்தது. 2025 ஏப்ரலில் இந்திய நிறுவனங்களின் விமானங்களுக்கு மீண்டும் மூடப்பட்டது. ரஷ்ய வான்வெளியை ஐரோப்பிய நிறுவனங்கள் இழந்தபோது, ஒன்பதரை மணியளவில் முடிந்துகொண்டிருந்த ஹெல்சிங்கி–டோக்கியோ பயணம் பதின்மூன்று மணி அளவுக்கு நீண்டது. இரு நிலையங்களும் நகரவில்லை, நூலின் நீளமும் மாறவில்லை. பயணம் மட்டும் மூன்றரை மணி கூடிவிட்டது. நீண்ட பயணத்துக்குக் கணக்குப் போடுகிறவர், அந்த வாரத்தில் அந்த விமானம் உண்மையில் எவ்வழியே சென்றது என்பதைப் பிளைட்ராடார்24 போன்ற தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

நேரத்தைக் கணக்கிடுதல்

பயணிகள் ஜெட் விமானம் உயரத்தில் மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும். ஏ320 போன்ற ஒற்றை நடைபாதை விமானங்கள் இந்த வரம்பின் கீழ்ப்பக்கமும், 787, ஏ350 போன்ற பெரியவை மேல்பக்கமும் இருக்கும். பலாலி போன்ற சிறு நிலையங்களுக்குச் செல்லும் ஏடிஆர் 72 வகை இறக்கை விசிறி விமானத்துக்கு மணிக்கு 500 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். 2,925-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். தளங்கள் சொல்லும் மூன்றரை மணி இதுதான்.

ஆனால் விமானம் முழு வேகத்தில் பிறந்து முழு வேகத்தில் இறங்குவதில்லை. நிறுத்துமிடத்திலிருந்து பின்னுக்குத் தள்ளப்படுவதிலிருந்து ஒரு பயணத்தைக் கவனித்துப் பாருங்கள். என்ஜின்களை இயக்கி, ஓடுபாதை முனை வரை ஊர்ந்து, முன்னால் நிற்கும் இரண்டு மூன்று விமானங்கள் எழும்பும் வரை காத்திருக்கப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகும். எழும்பிய பின் 10,000 அடிக்குக் கீழே பொதுவாக மணிக்கு 250 கடல் மைல், அதாவது 463 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. சென்னையில் காற்றைப் பொறுத்துக் கிழக்கு நோக்கி எழும்பினால் நேரே கடல் பக்கம் போய்விடலாம். மேற்கு நோக்கி எழும்பினால் சிங்கப்பூருக்குப் போகிற விமானம் வளைந்து திரும்பி வர வேண்டும். 35,000 அடிக்கு ஏற இருபது இருபத்தைந்து நிமிடம். இறங்குவதற்கோ, 1,000 அடிக்கு மூன்று கடல் மைல் என்ற கணக்கில், ஏறத்தாழ 195 கிலோமீட்டருக்கு முன்பே உயரத்தைக் குறைக்கத் தொடங்க வேண்டும். நம் காது அடைக்கத் தொடங்குவதும், விளக்குகள் ஏற்றப்படுவதும், இருக்கையை நிமிர்த்தச் சொல்லிக் கேட்பதும் இதன் பின்னர்தான். தரை தொட்ட பின் மீண்டும் ஊர்ந்து நிறுத்துமிடம் சேரப் பத்து நிமிடம்.

இவை அனைத்துக்குமாக வகுத்து வந்த நேரத்தோடு 40 முதல் 50 நிமிடம் கூட்டுங்கள். 3 மணி 26 நிமிடத்தோடு 45 கூட்டினால் 4 மணி 11 நிமிடம். பயணச்சீட்டில் உள்ள நாலேகால் மணி இப்படித்தான் வருகிறது. நிறுவனங்கள் சிறிது தாமதத்துக்கும் இடம் விட்டு அட்டவணை போடுவதால் நாலரை மணி என்று இருந்தாலும் வியப்பில்லை. இந்தக் கூட்டல் தூரத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. பலாலிக்கு 356 கிலோமீட்டரைக் கடக்க 43 நிமிடம்தான் வேண்டும். சிறு நிலையத்துக்கான அரை மணியைக் கூட்டினால் ஒன்றேகால் மணி ஆகிவிடுகிறது. அங்கே பறப்புக்கு நிகராகத் தரைவேலை இருக்கிறது. லண்டன் பயணத்திலோ அது கண்ணுக்கே தெரியாது.

இனி காற்று. காற்று மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது என்று வைத்துக்கொண்டால், பின்காற்றில் தரைவேகம் 910 ஆகி மூன்று மணி 13 நிமிடத்தில் சிங்கப்பூரை அடையலாம்; எதிர்காற்றில் 790 ஆகி மூன்று மணி 42 நிமிடம் ஆகும். ஒரே பாதையில் போக்குக்கும் வரத்துக்கும் அரை மணி வித்தியாசம். நம் நாட்டுக்கு மேலே இது பருவத்தோடு மாறுகிறது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தரையில் மேற்கிலிருந்து காற்று வீசினாலும், விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்கு மேலும் தென்னிந்தியாவின் மீது கிழக்கிலிருந்து வலுவான காற்று ஓடுகிறது. இந்த வெப்பமண்டலக் கீழைக் காற்றோட்டத்தை 1958-இல் விரிவாக விளக்கிக் காட்டியவர் இந்திய வானிலையாளர் பி. கோட்டீஸ்வரம். ஜூலையில் சிங்கப்பூருக்குப் போகும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் அமைய வாய்ப்பு அதிகம் என்பது இதனால்தான். வட இந்தியாவுக்கு மேலே குளிர்காலத்தில் நிலைமை நேர்மாறு. அங்கே மேற்கிலிருந்து ஓடும் ஜெட் காற்று லண்டனுக்குப் போவதை நீட்டி, வருவதைச் சுருக்குகிறது.

காற்றின் வலிமைக்கு நான் மறக்காத சான்று ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தன் தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டுப் பசிபிக் வழியாக அனுப்பியது. பாதை ஏறத்தாழ 13,900 கிலோமீட்டரிலிருந்து 15,300-ஆகக் கூடியது. ஆனாலும் பின்காற்றின் துணையால் பயணம் பதினான்கரை மணியில், முன்பைவிட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் குறைவாக முடிந்தது.

கடிகாரத்தையும் தேதியையும் வாசித்தல்

சென்னையில் இரவு 11:15-க்குப் புறப்பட்டுச் சிங்கப்பூரில் காலை 6:05-க்கு இறங்குவதாகச் சீட்டில் இருக்கட்டும். நேரே கழித்தால் 6 மணி 50 நிமிடம். ஆனால் இரண்டும் அந்தந்த ஊர் நேரம். பிழை வராமல் இருக்க, இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றுங்கள். இந்திய நேரத்திலிருந்து ஐந்தரை மணி கழித்தால் மாலை 5:45. சிங்கப்பூர் நேரத்திலிருந்து எட்டு மணி கழித்தால் முந்தைய நாள் இரவு 10:05. வித்தியாசம் 4 மணி 20 நிமிடம். சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணிதான் வித்தியாசம் என்று மூத்தவர்கள் சொன்னால் அவர்கள் நினைவு பிசகவில்லை. 1982 ஜனவரி முதல் தேதிதான் சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தியது. இலங்கை 2006 ஏப்ரலிலிருந்து இந்திய நேரத்தோடு ஒத்திருக்கிறது. லண்டனுக்கு மட்டும் எச்சரிக்கை தேவை: மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் நாலரை மணி, மற்ற மாதங்களில் ஐந்தரை மணி.

மணியைவிடத் தேதிதான் அதிகம் ஏமாற்றும். எங்கள் உறவில் ஒரு பெரியவருக்குப் பன்னிரண்டாம் தேதி 00:40-க்கு விமானம். வீட்டார் பன்னிரண்டாம் தேதி இரவு உணவை முடித்து, எல்லாரும் சேர்ந்து வழியனுப்ப மீனம்பாக்கம் போனார்கள். வாயிலில் நின்ற காவலர் சீட்டை இரண்டு முறை பார்த்துவிட்டு, விமானம் நேற்று நள்ளிரவே போய்விட்டது என்று மெதுவாகச் சொன்னார். அன்றிலிருந்து, நள்ளிரவுக்கும் காலை நான்கு மணிக்கும் இடையே புறப்படும் எந்தச் சீட்டைக் கண்டாலும், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய தேதியைச் சீட்டின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். இறங்கும் நேரத்துக்குப் பக்கத்தில் சிறிதாக இருக்கும் கூட்டல் ஒன்று என்பது மறுநாள் என்று பொருள்படும். வரவேற்கச் செல்கிறவர்கள் முதலில் தேட வேண்டியது அதைத்தான்.

இடையில் வேறு நிலையத்தில் மாறிச் செல்லும் சீட்டில், மொத்த நேரம் என்று காட்டப்படுவதில் காத்திருப்பும் அடங்கும். நேரடி விமானம் என்ற சொல்லையும் கவனமாக வாசிக்க வேண்டும். ஒரே எண்ணுள்ள விமானம் நடுவில் ஓரிடத்தில் இறங்கி ஏறினாலும் அதை நேரடி என்று சொல்வது உண்டு. எங்கும் நிற்காதது என்று தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டு வாசலிலிருந்து கணக்கு

கடைசியாக, பயணிக்கு உண்மையில் வேண்டிய நேரம். பன்னாட்டுப் பயணத்துக்கு மூன்று மணி முன்னதாக நிலையம் சேர வேண்டும். இறங்கிய பின் குடிநுழைவும் பெட்டியும் முடிந்து வெளியே வர முக்கால் மணி முதல் ஒன்றரை மணி வரை ஆகலாம். இவற்றோடு சாலை நேரத்தையும் சேர்த்த பிறகுதான் எந்த நிலையத்திலிருந்து ஏறுவது என்பதை முடிவு செய்ய வேண்டும்.

தஞ்சாவூரில் இருக்கும் ஒருவர் சிங்கப்பூர் போக வேண்டும் என்று கொள்வோம். திருச்சி நிலையம் வடக்கு 10.77, கிழக்கு 78.71, மேற்சொன்ன சூத்திரத்தில் இட்டால் சாங்கிக்கு 2,980 கிலோமீட்டர் வருகிறது. சென்னையைவிட 55 கிலோமீட்டர் அதிகம். ஜெட் வேகத்தில் நான்கு நிமிடம். ஆனால் தஞ்சாவூரிலிருந்து திருச்சிக்குச் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர், சென்னைக்கு 340. வானில் நான்கு நிமிடத்தைக் கூடுதலாகக் கொடுத்து, தரையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் பிடிக்கலாம். சென்னைச் சீட்டு சில நூறு ரூபாய் மலிவு என்பதற்காக வயதான தாயை இரவு முழுவதும் பேருந்தில் உட்கார வைப்பதற்கு முன், இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள்.